கொல்லத்திலிருந்து வந்த லைசென்ஸ்

அன்புள்ள சூசை,

நீ மெட்ராஸில் கப்பல் ஏறி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. அந்தமானில் உனக்குக் கொடுத்தது மரம் வெட்டும் வேலையா, ரோட்டு வேலையா என்று எனக்குத் தெரியாது. விலாசம் அம்மாவிடம்தான் இருந்தது. கேட்டேன். எடுத்துத் தந்தாள். இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. மற்றொன்றை விராலிமலை ரோட்டில் லாரிக்காரர்கள் நின்று டீ குடிக்கும் கடையில் கொடுத்து, வருகிறவர்கள் காதில் விழும்படி சத்தமாகப் படிக்கச் சொல்லப் போகிறேன். உன்னைப் பற்றி ஆறு வருஷமாக ஒரு பேச்சு அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சுக்கு உரியவன் நான். கண்ணில் திரை விழுந்துவிட்டதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

நான் பஸ் ஓட்டத் தொடங்கியது சமஸ்தானத்து நாளில். நம் பக்கம் ராஜாவுக்குச் சொந்தம். மாத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் திருச்சி ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. ரோடு ஒன்றுதான், நடுவில் ஓர் எல்லைக்கல் இருந்தது. அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக் கரிவாயுவில் ஓட்டிக்கொண்டிருந்தோம். இருபது பேர் ஏற வேண்டிய வண்டியில் நாற்பது பேர் தொங்குவார்கள். திருச்சிப் பக்கத்தில் போலீஸ்காரர் நிறுத்திப் பெயர் எழுதிக்கொள்வார். நானும் பெயரைச் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பேன். கல்லைத் தாண்டிவிட்டால் நான் ராஜாவின் குடி. சம்மன் ராஜாவின் தர்பார் ஆபீஸ் வரைக்கும் வந்து, அங்கே ஏதாவது ஒரு கட்டுக்குள் உறங்கிப்போகும். மூன்று தடவை அப்படிப் பெயர் கொடுத்தேன். ஒரு தடவைகூட யாரும் வந்து கேட்கவில்லை.

நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை மெட்ராஸோடு சேர்த்தார்கள். உனக்கு அப்போது நாலு வயது. சேர்த்த பிறகும் நான் அதே ரோட்டில், அதே கல்லைத் தாண்டி, அதே பஸ்ஸை ஓட்டினேன். என் புத்திக்குள் மட்டும் அந்த எல்லை அழியவே இல்லை. ஓரிடத்தில் செய்த தப்பு இன்னோரிடத்துக்கு நம்மைத் தேடி வராது என்று சாகிறவரைக்கும் நம்பிக்கொண்டே இருந்திருப்பேன். உன்னை வைத்துத்தான் அந்தப் பாடத்தை நான் படித்தேன். படித்தது நான், செலவானது நீ.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நீ லாரியில் கிளீனராகப் போனாய். சத்தத்தை வைத்தே இன்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாய். பதினெட்டு முடிந்ததும் உன்னைத் திருச்சிக்கு அழைத்துப் போய் லைசென்ஸ் எடுக்க நினைத்தேன். சொந்தக் கார் ஓட்டப் பதினெட்டு போதும், வாடகை லாரி ஓட்ட இருபது ஆக வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். "ரெண்டு வருசந்தானப்பா. கிளீனராவே இருந்துக்கறேன். ஒண்ணும் அவசரமில்ல" என்று நீ சொன்னாய். நினைவிருக்கிறதா? அவசரம் எனக்குத்தான். விராலிமலை லாரி முதலாளிக்கு ஒரு டிரைவர் உடனே வேண்டியிருந்தது. அவர் உன்னைக் கேட்டார் என்பதே எனக்கு ஒரு கிறுக்கைக் கொடுத்துவிட்டது. இந்தப் பக்கத்தில் இத்தனை சின்ன வயதில் எவனும் லாரி எடுத்ததில்லை, என் மகன் எடுக்கப் போகிறான் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டும் வந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட் தொலைந்துவிட்டது என்று சொல்லி, என் மகனுக்கு இருபது வயது நிறைந்தது என்று தகப்பன் உறுதியளிப்பதாக ஒரு தாள் எழுதினேன். எழுதித் தரச் சொல்லி முதலில் உன்னிடம் நீட்டிய பேனாவை நீ நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "கோயில்ல ஞானஸ்நானப் புத்தகத்துல சாமியார் எழுதி வச்சிருக்காரே, அதை என்ன பண்ணுவீங்க?"

"கோயில் புத்தகத்தை எவன் வந்து பாக்கப் போறான்?" என்றேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். ஊர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

உனக்கு லைசென்ஸ் வந்தது. நம் பக்கத்து முந்திரிக்கொட்டையை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, மதுரை, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை இறங்கிக் கொல்லத்துக்குப் போவாய். நன்றாகத்தான் ஓட்டினாய். உன்னோடு வந்த கிளீனர், "சூசையண்ணன் வளைவுல ஒரு தடவகூட பிரேக்க மிதிச்சுப் பிடிச்சதில்ல, கியர்லயே எறக்கிருவாரு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். உன்னிடம் இதை ஒருநாளும் நான் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே பிள்ளையைப் புகழக் கூடாது என்று நம் வீட்டில் ஒரு பழக்கம். அது நல்ல பழக்கம் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் தப்பு மலையடிவாரத்தில் நடந்தது. தோட்டத்துக் கூலிக்காரக் குடும்பம் ஒன்று, கையில் காய்ச்சல்காரக் குழந்தையோடு ரோட்டோரம் நின்றது. மூட்டைகளுக்கு மேலே ஏற்றிக்கொண்டாய். சரக்கு லாரியில் ஆள் ஏற்றியதாகப் போலீசார் பிடித்தார்கள். கோர்ட்டில் அவர்கள் மலையாளத்தில் கேட்டதற்கெல்லாம் நீ தலையை ஆட்டியிருக்கிறாய். அபராதம் கட்டச் சொல்லி, உன் லைசென்ஸ் புத்தகத்திலேயே குற்றத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினாய். நான் சிரித்தேன். "அது மலையாளத்தான் கிறுக்குனது. இங்கிட்டு எவனுக்குப் புரியப் போவுது?" என்றேன். எழுதியிருந்தது இங்கிலீஷில். எனக்கு அதையும் படிக்கத் தெரியாது.

இரண்டாவது, நாலு மாதம் கழித்து. கொல்லம் கடைத்தெருவில் உன் லாரியின் பின்பக்கம் ஒரு கைவண்டியைத் தட்டிவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை, வண்டியின் சக்கரம் உடைந்தது. நீயே இறங்கிப் போய் நின்றாய். போலீசார் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு வரவேண்டிய தேதியை எழுதி ஒரு சீட்டைத் தந்து அனுப்பினார்கள். வந்ததும் வராததுமாக, சாப்பிடக்கூட உட்காராமல் அந்தச் சீட்டை நீட்டினாய்.

"அப்பா, பன்னெண்டாந்தேதி வரச் சொல்லியிருக்காங்க. மொதலாளிகிட்ட லீவு சொல்லிட்டு ஒரு எட்டுப் போயி நின்னுட்டு வந்துர்றேன்."

"எங்க போற? வேற மாகாணம்டா அது. அவன் கோர்ட்டு அவன் மலைக்கு அங்கிட்டு. நீ இங்கிட்டு இருக்க. பேசாம இரு."

"லைசென்ஸு அவங்ககிட்டல்ல இருக்கு?"

"தொலைஞ்சு போச்சுன்னு திருச்சியில எழுதிக் குடுப்போம். வேற ஒண்ணு தருவாங்க."

சீட்டை நாலாக மடித்தாய். "போயி நின்னா தப்பா அப்பா?" என்று ஒரு தடவை கேட்டாய். அதற்கு நான் எரிச்சலாகப் பதில் சொன்னேன். நீ பிறகு கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளையாக உன்னை வளர்த்தது நான்தான். அதனால் அதிலும் உன் குற்றம் ஒன்றுமில்லை. போய் நின்றிருந்தால் ஓர் அபராதத்தோடு முடிந்திருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ டிரைவர்கள் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து நாம் இருவரும் திருச்சி மோட்டார் ஆபீசுக்குப் போனோம். லைசென்ஸ் பஸ்ஸில் தவறிப்போனதாக நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். ஆபீசர் மனுவை வாங்கிப் பெயரைப் படித்தார். எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்து, அதற்குள்ளிருந்து உன் லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். நீ கோர்ட்டுக்கு வரவில்லை என்றதும், அதைக் கொடுத்த ஆபீசுக்கே கொல்லத்திலிருந்து தபாலில் அனுப்பிவிட்டார்கள். நாம் வருவதற்கு இருபது நாளுக்கு முன்பே அது வந்து சேர்ந்திருந்தது. கூடவே ஒரு கடிதமும் இருந்தது. ஓட்டியவனைப் பார்த்தால் இருபது வயது ஆனவனாகத் தெரியவில்லை, வயதை விசாரிக்கவும் என்று அங்கிருந்த இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார்.

ஆபீசர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. "கிறிஸ்தவங்கதானே? ஞானஸ்நானச் சர்டிபிகேட் வாங்கிட்டு அடுத்த வாரம் ரெண்டு பேரும் வாங்க" என்றார். சாமியாரிடம் போனேன். அவர் புத்தகத்தைத் திறந்து, இருந்ததை இருந்தபடி எழுதிக் கொடுத்தார். வேறு எப்படி எழுதுவார்?

அடுத்த வாரம் நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆபீசர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சாமியார் கொடுத்தது, இன்னொன்று நான் எழுதிக் கொடுத்த உறுதித்தாள். என்னைப் பார்த்து, "நீங்களும் டிரைவர்தானே? இது உங்க கையெழுத்துத்தானா?" என்று கேட்டார். என் லைசென்ஸ் என் சட்டைப்பையில் இருந்தது. அது போய்விடும் என்று தோன்றியது. பொய் வயது கொடுத்த டிரைவரைப் பஸ் கம்பெனி வைத்துக்கொள்ளாது என்று தோன்றியது. உன் தங்கைகள் இரண்டு பேரையும் நினைத்தேன் என்று எழுதலாம்தான். உண்மை அதுவல்ல. அந்த நிமிஷத்தில் நான் யாரையும் நினைக்கவில்லை. பயம் மட்டுந்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாது சார். பய போட்டுருப்பான்" என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்பதுபோலப் பார்த்தாய். ஆபீசர் உன்னைக் கேட்டார்: "என்னப்பா, அப்பா கையெழுத்தை நீதான் போட்டியா?"

"ஆமா சார். நான்தான் போட்டேன்."

அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினாய். அதன் கீழே உன் கையெழுத்தைப் போட்டாய். "சின்ன வயசுன்னு போலீசுக்கு அனுப்பாம விடுறேன். இனிமே இந்தப் பெயருக்கு இங்க லைசென்ஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்னப் புத்தகத்தின் மேல் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டார். நான் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கும்பிடை நினைத்தால் கை கூசுகிறது.

வீட்டில் நீ அம்மாவிடம், "லைசென்ஸ் போச்சும்மா" என்று மட்டும் சொன்னாய். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "கொல்லத்து கேஸு" என்றாய். என்னைப் பற்றிய பேச்சையே நீ எடுக்கவில்லை. அன்று மட்டுமா, ஆறு வருஷத்தில் ஒரு தடவையாவது என்னைக் காட்டிக்கொடுத்திருப்பாயா? நான் அடுத்த நாள் காலை வழக்கம்போல் பஸ் எடுத்தேன். அதற்குப் பிறகும் அஞ்சு வருஷம் ஓட்டினேன்.

நீ மறுபடி கிளீனராகப் போனாய். உனக்குப் பிறகு வந்த பையன்களெல்லாம் டிரைவரானார்கள். அவர்களுக்கு நீ கண்ணாடி துடைத்தாய், டயர் மாற்றினாய். இருபது நிஜமாகவே நிறைந்த மாதம் திருச்சிக்குப் போய் மனுக் கொடுத்தாய். பழைய பைலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டில் மறுபடி போனாய். மறுபடியும் அதே பைல். லாரி முதலாளி, "கள்ளக் கையெழுத்துக் கேஸுன்னு சொல்றாங்க தம்பி, நான் என்ன செய்ய முடியும்?" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகுதான் நீ வண்டியை விட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனாய்.

அரிமளத்துப் பெண் விஷயத்தையும் எழுதியாக வேண்டும். பெண்ணுக்கு உன்னைப் பிடித்திருந்தது. உனக்கும் பிடித்திருந்தது என்று உன் அம்மா சொன்னாள். பெண்ணின் தகப்பனார் நம் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "கோவிச்சுக்காதீங்க. அப்பன் கையெழுத்தையே போட்ட பையன்னு ரோட்டுல பேசிக்கறாங்க. நெசமா?" என்று என்னிடமே கேட்டார். நீ கொல்லைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். ஆபீசில் பயந்து பேசினேன் என்று ஒரு சாக்குச் சொல்லலாம். இங்கே எனக்கு என்ன பயம்? இவர் எந்த லைசென்ஸைப் பறிக்கப் போகிறார்? ஆனாலும் நான், "வயசுக் கோளாறுல செஞ்சுட்டான்" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய், அதற்கு மூன்றாவது என்று சொல்வார்கள். அப்படிக்கூட இல்லை. அதற்குள் அந்தப் பொய் எனக்கு வாயில் பழகிப்போயிருந்தது.

போன மாதம் நீ அந்தமானுக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்று அம்மா சொன்ன பிறகு, உன்னிடம் சொல்லாமல் திருச்சிக்குப் போனேன். அந்த ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார். இருந்த குமாஸ்தா நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். கையெழுத்து என்னுடையது, என் மகனுடையது அல்ல என்று சொன்னேன். பைலைத் தேடி எடுத்து வந்தார். "ஒங்க மகன் தன் கையால எழுதிக் குடுத்திருக்காரே பெரியவரே. அதை நம்பித்தான் ஆர்டர் போட்டிருக்காங்க. நீங்க இப்ப வந்து சொல்றது ரிடையரான தகப்பன் மகனுக்காகச் சொல்ற பேச்சுன்னுதான் மேல எடுத்துக்குவாங்க" என்றார். மனு எழுதினேன். வாங்கிக்கொண்டார். அதற்குப் பதில் வராது என்பதை அவர் முகத்திலேயே பார்த்தேன்.

புறப்படும்போது அவரை ஒன்று கேட்டேன். அன்றைக்கே நான் ஒப்புக்கொண்டிருந்தால் என் லைசென்ஸ் போயிருக்குமா? அவர் பைலைக் கட்டிக்கொண்டே, "பெரும்பாலும் எச்சரிச்சு விட்டிருப்பாங்க. மிஞ்சிப் போனா அபராதம். உங்க மகனுக்கும் இருபது வயசு ஆனதும் புதுசா குடுத்திருப்பாங்க" என்றார்.

தகப்பன் மகனுக்கு எழுதும் கடிதத்தில் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை. இருந்தாலும் தெரிந்தது ஒன்றிருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எந்த ஊரில் எவன் கூப்பிட்டாலும், தப்புச் செய்திருந்தால் அந்தத் தேதியில் போய் நின்றுவிடு. உன் புத்தி அன்றைக்கு அதைத்தான் சொன்னது. வீட்டில் பெரியவன் எவனாவது வேண்டாம் என்று தடுத்தால், அவன் எந்தக் காலத்தில் வாழ்ந்துகொண்டு சொல்கிறான் என்று பார். செத்துப்போன ஒரு ராஜ்யத்துச் சட்டத்தை வைத்து நான் உனக்கு வழி சொன்னேன். இந்தப் புத்தி இனி உனக்கு எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே உன்னை யாரும் ஸ்டியரிங்கில் உட்காரவைக்கப் போவதில்லை.

நீ புறப்பட்ட அன்று காலையில் விராலிமலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. திருச்சி பஸ் வர நேரம் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் இனி இல்லை என்று தெரிந்து, "சூசை, அன்னைக்கு அந்த ஆபீசுல..." என்று ஆரம்பித்தேன். பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "விடுங்கப்பா. அன்னைக்கு வெளிய வந்து வாசப்படியில கொஞ்ச நேரம் நின்னேன்ல, செருப்பு வாரு அந்து போச்சுன்னு. வாரெல்லாம் அந்து போகல. நீங்க திரும்ப உள்ள போவீங்கன்னு நெனச்சேன்."

பஸ் வந்தது. பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மேலே ஏற்றினாய். "அம்மாவப் பாத்துக்கங்க, கண்ணுக்கு மருந்து விடுங்க" என்றாய். நான் நின்ற பக்கத்து ஜன்னலோரம் இடம் இருந்தும் நீ அந்தப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தாய். நான் பஸ் மறைகிற வரைக்கும் நின்றேன். பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எங்கே போவது என்று தோன்றவில்லை.

தன் கையெழுத்தையே உன்னுடையது என்று சொன்ன

உன் அப்பா.